சல்லிசா கிடைக்குற யானை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. கூட பொட்டி தட்டுற தம்பி ஒருத்தர், அமெரிக்கா வந்து நாலு வருஷம் ஆச்சு, இன்னும் கல்யாணம் ஆகலை, போன வாரம் கேட்டார்: "அண்ணே, கையில பன்னெண்டாயிரம் டாலர் சேத்து வெச்சிருக்கேன். அதே விலைக்கு ஒரு போர்ஷே பாக்ஸ்டர் வந்திருக்கு. வாங்கிரட்டுமா?" சாப்பாட்டு நேரத்துல ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்குற பதில் இல்ல அது. அதான் பதிவாவே போட்டுடலாம்னு.

மொதல்ல தீர்ப்பைச் சொல்லிடறேன். பொறுமை இல்லாதவங்க இதோட அப்பீட் ஆயிக்கலாம். பட்ஜெட் சின்னதுன்னா, பெரிய பேர் உள்ள வண்டிகள்ல மலிவானதைத் தேடாதீங்க. எளிமையான வண்டிகள்ல நல்லதைத் தேடுங்க. பன்னெண்டாயிரத்துக்குக் கிடைக்குற சுமாரான பாக்ஸ்டரை விட, ஒம்பதாயிரத்துக்குக் கிடைக்குற நல்ல மாஸ்டா மியாட்டா எவ்வளவோ மேல். ஏன்னு கேக்கறவங்க மேல படிங்க.

விலை இறங்கும், தீனி இறங்காது

2000-வது வருஷத்து பாக்ஸ்டர் புதுசா வந்தப்ப நாப்பதாயிரம் டாலருக்கு மேல. அதே வண்டி இன்னிக்கு அதுல கால்வாசி, மூணுல ஒரு பங்கு விலைக்கு விளம்பரத்துல நிக்குது. பாத்ததும் கை அரிக்கத்தான் செய்யும். ஆனா இறங்குனது வண்டியோட விலை மட்டும்தான். அதோட பிரேக், டயர், கிளட்ச், ரேடியேட்டர், அதைக் கழட்டி மாட்டுற மெக்கானிக்கோட கூலி, இதெல்லாம் நாப்பதாயிரம் டாலர் வண்டிக்கு உண்டான விலையிலதான் இன்னும் இருக்கு. சொல்லப் போனா ஏறியிருக்கு. நம்ம ஊர்ல யானையைக் கட்டித் தீனி போடறதுன்னு சொல்லுவாங்களே, அதேதான். யானை சல்லிசா கிடைச்சுடுச்சுங்கறதுக்காக அது கம்மியா சாப்பிடப் போறதில்ல.

வண்டி இருபது வருஷம் ஓடிட்டா, மாத்த வேண்டிய சாமான்கள் எல்லாம் ஒரே நேரத்துல வரிசையில வந்து நிக்கும். முதல் ஓனர் வாரண்டியில ஓட்டினார். ரெண்டாவது ஓனர் கொஞ்சம் செலவு பண்ணினார். மூணாவது ஓனர் "அடுத்தவன் பாத்துக்கட்டும்"னு தள்ளிப் போட்டார். அந்த அடுத்தவன்தான் நாம.

அந்தப் பேரிங் கதை

பாக்ஸ்டரைப் பத்திப் பேசினா ஐஎம்எஸ் பேரிங் பத்திப் பேசாம இருக்க முடியாது. 1997-ல இருந்து 2004 வரைக்கும் வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டர்ல சீட்டுக்குப் பின்னாடி ஆறு சிலிண்டர் எஞ்சின், படுத்த வாக்குல இருக்கும். கிராங்க்ல இருந்து கேம்ஷாஃப்ட்டுக்குச் சக்தி போக நடுவுல ஒரு தண்டு உண்டு. அந்தத் தண்டோட ஒரு முனையைத் தாங்குறது ஒரு சின்ன பால் பேரிங். அதுக்குள்ள கிரீஸ் வெச்சு மூடியிருப்பாங்க. வருஷக்கணக்குல சூடான எஞ்சின் ஆயில்ல கிடந்து மூடி கெட்டுப் போனா கிரீஸ் கரைஞ்சு போகும், பேரிங் தேயும். ஒரு நாள் அது உடைஞ்சா தண்டு ஆடும், செயின் நேரம் தவறும், வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும். எஞ்சின் காலி. உள்ளங்கையில அடங்குற ஒரு பேரிங் மொத்த எஞ்சினையும் தின்னுடும்.

இது ஊர் வம்பு இல்ல. 2001-ல இருந்து 2005 வரைக்கும் வந்த மாடல்கள் பத்தி அமெரிக்காவுல வழக்கு நடந்து, 2013-ல சமரசமா முடிஞ்சுது.

பாக்ஸ்டர் பிரியர்கள் உடனே சொல்றது: "எல்லா வண்டியிலயும் அது உடையறதில்ல, பெரும்பாலானவை இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு." உண்மை. நான் மறுக்கலை. ஆனா நான் கேக்கற கேள்வி வேற. உடைஞ்சா தாங்குறதுக்கு உங்க கையில என்ன இருக்கு? எஞ்சின் மாத்துற செலவு வண்டி வாங்கின விலையையே தாண்டிடும். பேங்க்ல இன்னொரு அம்பதாயிரம் வெச்சிருக்கறவருக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். இருக்கற பன்னெண்டாயிரத்தையும் வண்டியில போட்டவருக்கு அதோட கதை முடிஞ்சுது. ஓடாத போர்ஷே வீட்டு வாசல்ல நிக்கும், காலைல ஆபீசுக்கு பஸ்ஸைத் தேடணும். நூத்துக்கு எத்தனை உடையுதுங்கற கணக்கை விட, நம்ம பை எவ்வளவு ஆழம்ங்கற கணக்குதான் முக்கியம்.

அதே மாதிரி இன்னொரு ஆசை காட்டுற ஆளு, மாஸ்டா ஆர்எக்ஸ்-8. நாலு சீட், நாலு கதவு, ஒம்பதாயிரம் ஆர்.பி.எம் வரைக்கும் பாடுற ரோட்டரி எஞ்சின், வளைவுல திரும்பினா சொர்க்கம். விலையும் ரொம்பக் கம்மி. ஏன் கம்மி? அந்த எஞ்சின்ல பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டர். அதோட முனைகள்ல இருக்குற சீல் தேய்ஞ்சா கம்ப்ரஷன் போயிடும். கம்பெனியே 2004-ல இருந்து 2008 வரைக்குமான மாடல்களுக்கு எஞ்சின் வாரண்டியை எட்டு வருஷம், ஒரு லட்சம் மைல்னு நீட்டிச்சுது. அந்த எட்டு வருஷம் எல்லா வண்டிக்கும் எப்பவோ முடிஞ்சு போச்சு. ரோட்டரிக்குன்னே உள்ள கருவியால, எஞ்சின் சூடா இருக்கறப்ப கம்ப்ரஷன் அளந்து காட்டாத ஆர்எக்ஸ்-8-ஐத் தொடவே தொடாதீங்க. சந்தையில ஒரு வண்டி ரொம்ப மலிவா இருந்தா அதுக்குக் காரணம் சந்தைக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியாது.

சரி, மியாட்டாவுல அப்படி என்ன இருக்கு?

1989 பிப்ரவரியில சிகாகோ கார் கண்காட்சியில வெளிவந்த வண்டி. அறுபதுகள்ல இங்கிலாந்துல லோட்டஸ் எலான் மாதிரி குட்டி கார்கள் இருந்துச்சு. ரெண்டு சீட், மடக்குற கூரை, முன்னாடி எஞ்சின், பின் சக்கரத்துல இழுவை. ஓட்ட ஆனந்தம், ஆனா ஆயில் ஒழுகும், மழை பெஞ்சா ஸ்டார்ட் ஆகாதுன்னு அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களுக்கு ஒரு பேர் உண்டு. ஜப்பான்காரன் அதே பலகாரத்தை ஒழுகாம செஞ்சு கொடுத்தான். 2016-ல பத்து லட்சமாவது வண்டி வெளிய வந்துது. ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்கள்ல உலகத்துலயே அதிகம் வித்தது இதுதான்.

அந்தப் பத்து லட்சம்தான் நமக்கு முக்கியம். அவ்வளவு வண்டி ஓடுதுன்னா சாமான் எங்கயும் கிடைக்கும், பழைய சாமான் கடையிலயும் கிடைக்கும். தெரு முனை மெக்கானிக்குக்கும் அதை அவிழ்க்கத் தெரியும். நாலு சிலிண்டர் எஞ்சின், பானட்டைத் திறந்தா எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். சனிக்கிழமை மதியம் நீங்களே ஆயில் மாத்தலாம், பிரேக் பேட் மாத்தலாம். டயர் சின்ன சைஸ், அதனால விலையும் சின்னது.

தலைமுறை வாரியா சுருக்கமா:

1. முதல் தலைமுறை (1990 - 1997): தவளைக்கண்ணு மாதிரி எழும்பி நிக்குற ஹெட்லைட். முதல்ல 1.6 லிட்டர், 1994-ல இருந்து 1.8. அழகு அள்ளும். ஆனா இப்ப இதைச் சேகரிக்கற கூட்டம் பெருகிடுச்சு, நல்லதுக்கு விலை ஏறிப் போச்சு. 1990, 91 ஆரம்ப வண்டிகள்ல கிராங்க் முனையில ஒரு பலவீனம் உண்டு, விசாரிச்சு வாங்கணும்.

2. ரெண்டாவது (1999 - 2005): சாதா ஹெட்லைட், கூரையில பின்னாடி கண்ணாடி ஜன்னல், 140 குதிரைச் சக்தி. துரு பிடிக்காத ஒண்ணு கிடைச்சா கண்ணை மூடிட்டு... இல்ல இல்ல, கண்ணைத் திறந்துக்கிட்டு வாங்குங்க.

3. மூணாவது (2006 - 2015): கொஞ்சம் பெருசு, 2 லிட்டர் எஞ்சின், டைமிங் பெல்ட்டுக்குப் பதிலா செயின். மொகம் எப்பவும் பல்லைக் காட்டிச் சிரிக்குற மாதிரி இருக்குன்னு பல பேருக்குப் பிடிக்காது. பிடிக்காததனால விலை நியாயமா இருக்கு. என் ஓட்டு இதுக்குத்தான்.

நாலாவது தலைமுறை (2016-ல இருந்து) அருமையான வண்டி, ஆனா பன்னெண்டாயிரத்துல நல்லது மாட்டாது.

"140 குதிரை எல்லாம் ஒரு சக்தியா? என் கேம்ரிக்கே அதுக்கு மேல இருக்கு"ம்பீங்க. இருக்கட்டும். கேம்ரி ஒன்றரை டன், இது ஒரு டன் சுத்தி. அதை விட முக்கியமா, 350 குதிரை வண்டியை வெச்சுக்கிட்டு நம்ம ரோட்டுல என்ன பண்ண முடியும்? ரெண்டாவது கியரை முழுசா இழுத்தாலே ஸ்பீட் லிமிட் தாண்டிடும், மாமா பின்னாடியே லைட் போட்டுக்கிட்டு வந்துடுவார். மியாட்டாவை ரெண்டு கியர்லயும் தொண்டை கிழிய இழுத்து, வளைவுல வளைச்சு, கியர் மாத்தி மாத்தி ஓட்டிட்டுப் பாத்தா மணிக்கு அறுபது மைல்தான் காட்டும். காசு கொடுத்த சக்தி மொத்தத்தையும் அனுபவிக்கலாம். பாதிச் சாப்பாட்டை இலையிலயே விட்டுட்டு எழுந்திரிக்கற வேலை கிடையாது.

மத்த ஆளுங்க

ஹோண்டா எஸ்2000 (1999 - 2009): ரெண்டு லிட்டர்ல 240 குதிரை, டர்போ கிடையாது, ஒம்பதாயிரம் ஆர்.பி.எம் பக்கத்துல போகும். என் கனவு வண்டி. ஆனா சல்லிசா கிடைச்ச காலம் போயே போச்சு. இப்ப பன்னெண்டாயிரத்துக்கு ஒண்ணு வந்தா, அதுல என்ன கோளாறுன்னுதான் முதல்ல யோசிக்கணும்.

டொயோட்டா எம்ஆர்2 ஸ்பைடர் (2000 - 2005): எஞ்சின் நடுவுல, 138 குதிரை, இறகு மாதிரி லேசு. டிக்கின்னு ஒண்ணு இல்லவே இல்ல, ஒரு வாரத்து மளிகை வைக்க முடியாது. ஆரம்ப வருஷ வண்டிகள்ல எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கற முன் கேட்டலிஸ்ட் உதிர்ந்து, தூள் எஞ்சினுக்குள்ள போய் நாசம் பண்ணும். அதை எடுத்தாச்சா, மாத்தியாச்சான்னு கேளுங்க.

நிஸான் 350இசட் (2003-ல இருந்து): 287 குதிரை, விலை கையைக் கடிக்காது. ஆனா பாதி வண்டிகள் இளவட்டங்க கையில நாலு தடவை மாறி, டயரைப் புகைச்சு, சைலன்சரைப் பிடுங்கி வந்தவை. ஒண்ணும் மாத்தாம கம்பெனியில வந்த மாதிரியே இருக்கறது கிடைச்சா யோசிக்கலாம்.

கார்வெட் சி5 (1997 - 2004): 5.7 லிட்டர் வி8, 345 குதிரைக்கு மேல. இதுவும் யானைதான், ஆனா ஊர்க்கோயில் யானை. அந்த வி8-ஐப் பழுது பாக்கத் தெரிஞ்சவங்க ஊர் ஊருக்கு உண்டு, எஞ்சின் சாமானும் சுலபமா கிடைக்கும். பட்ஜெட்டைக் கொஞ்சம் கூட்ட முடிஞ்சா போர்ஷேவுக்கு முன்னாடி இதைப் பாக்கலாம். இன்சூரன்ஸ் மட்டும் கேட்டுட்டு உக்காருங்க.

குழந்தை குட்டி இருக்கறவங்களுக்கு: ரெண்டு சீட் வண்டி எதுவும் சரிப்படாது, தங்கமணி கிட்ட மனுப் போட்டாலும் தள்ளுபடிதான் :-) ஹோண்டா சிவிக் எஸ்ஐ பாருங்க, 2007-ல இருந்து நாலு கதவுலயும் வந்துது. 197 குதிரை, எட்டாயிரம் ஆர்.பி.எம், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். முன் சக்கர இழுவைதான். ஆனா வார நாள்ல பள்ளிக்கூடம், ஞாயித்துக்கிழமை காலைல மலைப்பாதைன்னு ரெண்டு வேஷமும் கட்டும்.

பணத்தைப் பிரிக்கற கணக்கு

பன்னெண்டாயிரம் கையில இருந்தா வண்டிக்கு ஒம்பதாயிரம்தான். மிச்ச மூவாயிரத்தை மறந்துடுங்க. விற்பனை வரி, ரெஜிஸ்ட்ரேஷன், முதல் தவணை இன்சூரன்ஸ் எல்லாம் அதுலதான் போகணும். அப்புறம் எந்தப் பழைய வண்டியிலயும் முதல் ஆறு மாசத்துல டயரோ, கிளட்ச்சோ, பேட்டரியோ கை நீட்டும். ஆறு மாசம் கழிச்சு ஆயிரம் மிச்சம் இருந்தா சந்தோஷமா நல்ல டயர் போடுங்க. ஸ்போர்ட்ஸ் காருக்கு நல்ல டயரை விட பெரிய மேம்பாடு கிடையாது.

இன்சூரன்ஸ் விலையை வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே வின் நம்பர் கொடுத்துக் கேட்டுடுங்க. இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கற பசங்களுக்கு வர்ற தொகை சில சமயம் மயக்கம் போட வைக்கும். கடன் வாங்கி பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்காதீங்க. வயசான வண்டிக்கு லோன் கிடைக்கறதே கஷ்டம், கிடைச்சா வட்டி தாளிச்சுடும். எஞ்சின் போன வண்டிக்கும் மாசாமாசம் தவணை கட்டுறது மாதிரி வயித்தெரிச்சல் வேற இல்ல.

பல்லைப் பிடிச்சுப் பாருங்க

தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குறதுக்கு பல்லு, சுழி, நடை எல்லாம் பாக்கணும். மாட்டுச் சந்தையில நம்ம தாத்தாக்கள் பண்ணினதேதான்:

* நீங்க போறதுக்கு முன்னாடி எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேணாம்னு சொல்லிடுங்க. போனதும் பானட் மேல கை வெச்சுப் பாருங்க. குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகறப்ப வர்ற சத்தமும் புகையும் நிறைய உண்மை சொல்லும்.

* துரு. மியாட்டாவுல கூரைத் தண்ணி வடியற துளைகள் இலை தழை அடைச்சுக்கிட்டா, தண்ணி கதவுக்குக் கீழ இருக்கற சட்டத்துக்குள்ள தேங்கும். உள்ளேருந்து வெளிய அரிக்கும். பின் சக்கரத்துக்கு முன்னாடி பெயிண்ட் கொப்புளிச்சிருந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ரோட்டுல உப்பு போடற மிச்சிகன், ஒஹாயோ மாதிரி இடத்து வண்டியை விட, அரிசோனா, கலிஃபோர்னியா வண்டிக்கு விமான டிக்கெட் போட்டுப் போய் எடுத்துட்டு வர்றது லாபம்.

* ரசீது. முதல் ரெண்டு தலைமுறை மியாட்டாவுக்கு 60,000 மைலுக்கு ஒரு தடவை டைமிங் பெல்ட் மாத்தணும். "மாத்தியாச்சு சார்"ங்கற வாய் வார்த்தை செல்லாது. பாக்ஸ்டர்னாலும் அப்படித்தான், அந்தப் பேரிங் மாத்தின ரசீது இல்லைன்னா மாத்தலைன்னு அர்த்தம்.

* டயர் பக்கவாட்டுல கடைசி நாலு எண். 2319-னு இருந்தா 2019-ல இருபத்து மூணாவது வாரம் செஞ்சது. தேயாத டயரா இருந்தாலும் பத்து வருஷம் ஆயிருந்தா அது கல்லு. நாலு டயரும் நாலு கம்பெனின்னா அந்த ஓனர் மத்த விஷயத்துலயும் அப்படித்தான் இருந்திருப்பார்.

* கார்ஃபேக்ஸ் மாதிரி சரித்திர அறிக்கை எடுங்க. ஆனா அதை வேதமா எடுத்துக்காதீங்க. யாருக்கும் சொல்லாம சரி பண்ணின விபத்து அதுல வராது.

* கடைசியா, நீங்களே தேர்ந்தெடுத்த, விக்கறவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக் கிட்ட காட்டுங்க. இருநூறு டாலர் சுத்தி ஆகும். அந்தச் செலவுக்கு முகம் சுளிக்கறவங்க ஆயிரக்கணக்குல அழப் போறாங்க. "மெக்கானிக் கிட்ட எல்லாம் காட்ட முடியாது"ன்னு விக்கறவர் சொன்னா, மெக்கானிக் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிட்டார்னு அர்த்தம்.

எல்லாத்துக்கும் மேல, மாட்டைப் பாக்குறப்ப கொட்டிலையும் பாருங்க. ஓனர் வீட்டு கராஜ் சுத்தமா இருக்கா, ரசீதை ஒரு ஃபைல்ல போட்டு வெச்சிருக்காரா, விக்கறப்ப அவர் மொகத்துல கொஞ்சம் வருத்தம் இருக்கான்னு கவனிங்க. அப்படிப்பட்ட ஆள் கிட்ட ஐநூறு கூடக் கொடுத்து வாங்கலாம். ஒரு லட்சம் மைல் ஓடி நல்லா பராமரிச்ச வண்டி, நாப்பதாயிரம் மைல் ஓடிட்டு அஞ்சு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில கிடந்த வண்டியை விட எனக்கு உசத்தி.

அப்ப போர்ஷே கனவு?

கனவு தப்பில்ல. வீட்டுல கராஜ் இருக்கு, ஸ்பானர் பிடிக்கத் தெரியும், ஆபீஸ் போக வேற வண்டி இருக்கு, பேங்க்ல இன்னொரு பன்னெண்டாயிரம் இருக்குன்னா, ரசீதோட வர்ற நல்ல பாக்ஸ்டர் வாங்குங்க. ஓட்டுறதுக்கு அது பிரமாதமான வண்டி, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. இந்த நாலுல ரெண்டு இல்லைன்னா கூட காத்திருங்க.

நம்மாளுங்க நெறைய பேர் கார் வாங்கறது மத்தவங்க பாக்கறதுக்கு. பானட்டுல இருக்கற முத்திரை பார்க்கிங்ல நிக்கறப்பதான் வேலை செய்யும். ஸ்டியரிங்குக்குப் பின்னாடி உக்காந்தா அது நம்ம கண்ணுக்கே தெரியாது. அங்க தெரியறது ரோடு, வளைவு, கையில கியர், தலைக்கு மேல வானம். அதுக்கு ஒம்பதாயிரம் போதும். மாசக் கடைசியில என்ன சத்தம் வருமோன்னு பயந்துக்கிட்டு ஓட்டுற எந்த வண்டியும் ஸ்போர்ட்ஸ் கார் ஆகாது. அது வெறும் கவலை, நாலு சக்கரத்துல.

டிஸ்கி: மியாட்டா பொம்பளைங்க வண்டின்னு சொல்ற அன்பர்கள் ஒரு தடவை மலைப்பாதையில அதை ஓட்டிட்டு வந்து பின்னூட்டம் போடவும். ஓட்டாம சொல்றவங்களுக்கு ஆட்டோ அனுப்பப்படும் :-)